கையெழுத்துக்கு மேலே ஒரு நட்சத்திரம்

'ஸ்டெல்லர்' என்ற இங்கிலீஷ் வார்த்தையைக் கண்டால் அமிர்தவல்லிக்குக் குமட்டும். பேப்பரில் எங்காவது அது கண்ணில் பட்டுவிட்டால் அந்தப் பக்கத்தை அப்படியே மடித்துத் தள்ளி வைத்துவிடுவாள். ஒரு வார்த்தை என்ன பாவம் செய்தது, அதன் மேல் இத்தனை கோபமா என்று கேட்கலாம். வார்த்தை ஒரு பாவமும் செய்யவில்லை. அதைப் பாண்டிச்சேரியில் கண்ட கண்டவன் நெற்றியிலெல்லாம் ஒட்டிவிட்டவர்களில் அவளும் ஒருத்தி. அந்த அருவருப்புதான் அவளை விடவில்லை.

முதலியார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தணிகாசலம், பிரெஞ்சுக்காரர் காலத்தில் 'மேரி' என்று சொல்லப்பட்ட நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர். பிரெஞ்சில் எழுதுவார், பிரெஞ்சில் கணக்குப் போடுவார், கோபம் வந்தால் திட்டுவதும் பிரெஞ்சில்தான். ஊர் கைமாறி, இங்கிலீஷ் தெரியாதவருக்கு நாற்காலி இல்லை என்றான பிறகு மனிதர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் மகளை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவரேதான். "என் பாஷ என்னோட போவட்டும். நீ இத அடி," என்றார். 1973-ல் அவள் ஹையர் பரீட்சை பாஸ் செய்தாள்.

அவளுக்கு ஒரு குணம் உண்டு. பொய்யைக் கேட்டால் முகம் கோணிவிடும், மறைக்கத் தெரியாது. பெண் பார்க்க வந்த ஒருவன் தன்னை ஆபீசர் என்று சொல்லிக்கொண்டான். எந்த ஆபீஸ், எந்தப் பிரிவு, மேலே யார் என்று இவள் நாலு கேள்வி கேட்டதில் அவன் அங்கே ஆபீசருக்குக் கதவு திறந்துவிடும் டபேதார் என்று வெளியே வந்தது. டபேதார் என்று சொல்லியிருந்தால் கட்டிக்கொண்டிருப்பாள். ஆபீசர் என்று சொன்னதுதான் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு வரன்களும் இப்படியே கலைந்தன. வேப்பெண்ணெய் குடித்தவள் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டால் எவன் வருவான் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவள் காதில் விழும்படியே பேசினார்கள்.

1974-ல் ஒரு பஞ்சாலையில் தற்காலிக டைப்பிஸ்டாக வேலை கிடைத்தது. அவள் மேஜைக்கு எதிரே ஸ்டோர் ரூம். பேரிங், பெல்ட், எண்ணெய், பல்பு, சோப்பு என்று மில்லுக்கு வேண்டியதெல்லாம் கம்பி வலைக்கு உள்ளே அடுக்கியிருக்கும். அதற்குக் காவல் காத்தவராயன். கறுத்து ஒல்லியான ஆள், சிரித்து யாரும் பார்த்ததில்லை. சீட்டு இல்லாமல் ஒரு ஆணி வெளியே வராது. ஒரு பிடி கழிவுப் பஞ்சு கேட்டால்கூடச் சீட்டு. அவரை யாருக்கும் பிடிக்காது. அமிர்தவல்லிக்கும்தான் பிடிக்காது. மெஷின் துடைக்க ஒரு துணித் துண்டு கேட்டதற்கு அவளை மேஸ்திரியிடம் போய்க் கையெழுத்து வாங்கி வரச் சொன்ன மனிதர் அவர்.

ஒரு நாள் வீவிங் மாஸ்டரின் வீட்டு விசேஷத்துக்கு ஐம்பது பல்பு எடுத்துவரச் சொல்லி ஆள் வந்தான். வீவிங் மாஸ்டர் என்றால் மில்லில் முதலாளிக்கு அடுத்தபடி. காத்தவராயன் சீட்டு கேட்டார். ஆள் போனான், மாஸ்டரே வந்துவிட்டார்.

"யாருக்குன்னு சொன்னானா இல்லியா?" என்றார் மாஸ்டர்.

"சொன்னான் சார். சீட்டு குடுங்க, குடுத்துட்றேன்."

"என்னன்னு எழுதறது சீட்டுல? என் வூட்டு விசேஷம்னா?"

"ஆமா சார். அதான எழுதணும்."

மாஸ்டரின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. எதிரே உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்த அமிர்தவல்லியின் விரல் நின்றுவிட்டது. பல்பு வெளியே வரவில்லை. அந்த வருஷம் காத்தவராயனுக்கு வரவேண்டிய சம்பள உயர்வும் வரவில்லை. அவர் எப்போதும் போல அதே நாற்காலியில் அதே சிடுமூஞ்சியோடு உட்கார்ந்திருந்தார். அவரைப் பிடிக்காமலே அவள் அன்றைக்கு அவருக்கு மரியாதை கொடுக்கத் தொடங்கினாள்.

மில்லுக்கு நாள் சரியில்லாமல் போனது. 1979-ல் தற்காலிக ஆட்களை முதலில் வெளியே அனுப்பினார்கள். அமிர்தவல்லி அழுதுகொண்டு உட்காரவில்லை. மிஷன் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் பழைய டைப்ரைட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு கடை போட்டாள். ஆர் என்ற எழுத்து மட்டும் வரியை விட்டுக் கொஞ்சம் எகிறி விழும் மெஷின் அது. ரிப்பேர்க்காரன் இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டான். மனு, விண்ணப்பம், பிரான்சில் இருக்கும் பிள்ளைக்குப் போகவேண்டிய காகிதம் என்று நாள் ஓடியது.

1982-ல் மில் ஒரேயடியாக நின்றது. நானூறு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தது. பாண்டிச்சேரியை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் தொழிற்பேட்டை வளர்ந்துகொண்டிருந்த சமயம். எல்லாருக்கும் அங்கே ஒரு வேலை வேண்டும். வேலைக்குப் போனால் பழைய இடத்திலிருந்து நற்சான்றிதழ் கேட்டார்கள். ஊருக்குக் கிளம்பத் தயாராக இருந்த வீவிங் மாஸ்டரிடம் போய் நின்றார்கள்.

நானூறு பேருக்கு எழுத எனக்குக் கையா இருக்கிறது என்றார் அந்தப் புண்ணியவான். மில்லின் பெயர் அச்சடித்த வெற்றுத் தாள்களைக் கட்டாக எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்தைக் கிறுக்கினார், முத்திரை குத்தினார், ஆளுக்கு ஒன்றாக வீசினார். "மேல என்ன வேணுமோ அடிச்சிக்கங்க," என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டார். இருபது வருஷம் தனக்குக் கீழே வேலை பார்த்தவன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல அவருக்கு ஒரு வரிகூட இல்லை. அந்த வரியைச் சொல்லும் வேலை சந்தில் உட்கார்ந்திருந்த அமிர்தவல்லியின் தலையில் விழுந்தது.

ஆரம்பத்தில் அவள் அதைச் சரியாகத்தான் செய்தாள். வந்தவரை உட்காரவைத்து எந்தப் பிரிவு, எத்தனை வருஷம், எத்தனை நாள் லீவு, ஏதாவது புகார் உண்டா என்று கேட்பாள். மில்லில் ஐந்து வருஷம் இருந்தவள் ஆதலால் பாதிப் பேரின் சங்கதி அவளுக்கே தெரியும். அவளிடம் நாலு வார்த்தை இருந்தது. வந்தான், வேலை பார்த்தான், போனான் என்றால் 'சாட்டிஸ்ஃபாக்டரி'. வேலையை மனது வைத்துச் செய்தவனுக்கு 'குட்'. மற்றவனுடைய வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தவனுக்கு 'வெரி குட்'. 'எக்ஸலண்ட்' என்று அந்த முதல் மாதத்தில் இரண்டே பேருக்குத்தான் அடித்தாள். அடித்துவிட்டு அந்த இரண்டு தாளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கலியபெருமாள் வந்தான். மில்லில் வருகைப் பதிவு பார்த்தவன். வராதவனை வந்ததாக எழுதி அதில் பங்கு வாங்கியவன். மெட்ராஸில் ஏதோ கம்பெனி யாருக்கோ கொடுத்த சான்றிதழின் நகல் அவன் கையில் இருந்தது.

"இதே மாதிரி அடிம்மா. பேரு மட்டும் மாத்திடு. இந்த வார்த்தைய மட்டும் வுட்றாத," என்று விரலை வைத்துக் காட்டினான். ஸ்டெல்லர்.

அவளுக்குத் தெரியாத வார்த்தை. நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டு வீட்டில் தடித்த டிக்ஷனரியை எடுத்தாள். நட்சத்திரங்களைச் சேர்ந்த, நட்சத்திரங்களுக்குரிய என்பது முதல் அர்த்தம். நட்சத்திர ஒளி, நட்சத்திரக் கூட்டம் என்று சொல்லும் இடத்தில் வருவது. அதற்குக் கீழே இன்னொன்று: மற்றெல்லாரையும் விட எட்டாத உயரத்தில் இருக்கிற, தலைசிறந்த. ஒருவரின் சேவையை, ஒரு விளையாட்டு வீரனின் ஆட்டத்தை, ஒரு நடிகனின் நடிப்பை இப்படிச் சொல்லலாம் என்று போட்டிருந்தது. அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எக்ஸலண்டுக்கும் மேலே ஒரு படி இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அந்தப் படியில் ஒரு மில்லுக்கு ஒரு ஆள் நின்றாலே அதிகம்.

வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் சொன்னாள். தணிகாசலம் பல் இல்லாத வாயால் அந்த வார்த்தையைப் பிரெஞ்சு உச்சரிப்பில் சொல்லிப் பார்த்தார்.

"எங்க பாஷயிலயும் இருக்கு. ஆனா அத ஆகாயத்துக்குத்தான் போடுவோம். ஆளுக்குப் போட மாட்டோம்," என்றார்.

"இங்கிலீஷ்ல ஆளுக்கும் போடலாமாம் நைனா."

"எந்த ஆளுக்கு?"

"கலியபெருமாளு கேக்கறான்."

தணிகாசலம் தெருப்பக்கம் திரும்பிக் காறித் துப்பினார்.

மறுநாள் அவள் கலியபெருமாளுக்கு முடியாது என்று சொல்லிவிட்டாள். சாட்டிஸ்ஃபாக்டரியே உனக்கு அதிகம் என்றும் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே எதிர்ச் சாரியில் இராமதாஸ் நடத்திய டைப்ரைட்டிங் கடைக்குப் போனான். இராமதாஸுக்கு அந்த வார்த்தையின் அர்த்தமும் தெரியாது, கலியபெருமாளையும் தெரியாது. அடித்துக் கொடுத்துவிட்டான். ஒரு மாதத்தில் கலியபெருமாள் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர்.

அவ்வளவுதான், ஊர் பற்றிக்கொண்டது. அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அவன் மச்சானின் சிபாரிசு என்று பிறகு தெரிந்தது. ஆனால் யார் அதைக் கேட்டார்கள்? அந்த வார்த்தைதான் வாங்கிக் கொடுத்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள். வாயில் நுழையாததால், அவள் சொன்ன அர்த்தத்தை வைத்து அதற்கு 'நட்சத்திர வார்த்தை' என்று பேர் வைத்தார்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாளை மடியில் செருகிக்கொண்டு, ஒவ்வொருவனும் வந்து அதைத்தான் கேட்டான். அவள் காரணம் சொல்லிப் பார்த்தாள், அர்த்தம் சொல்லிப் பார்த்தாள். எல்லாருமே நட்சத்திரம் என்றால் பார்க்கிறவன் சிரிப்பான் என்று சொல்லிப் பார்த்தாள். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு எதிர்ச் சாரிக்குப் போனார்கள். இரண்டு மாதத்தில் அவள் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு மூச்சிரைப்பு. கடைக்கு வாடகை. ஒரு திங்கட்கிழமை, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அவளும் அந்த வார்த்தையை அடித்துவிட்டாள்.

முதல் தடவைதான் கை கூசியது. அப்புறம் விரல் தானாகப் போனது. இடுப்பில் மில் துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே போனபோது கேட்டில் பிடிபட்டவனுக்கு ஸ்டெல்லர். மெஷினுக்குப் பின்னால் சாக்கு விரித்துத் தூங்கியவனுக்கு ஸ்டெல்லர். எண்ணெயில் தண்ணீர் கலந்து இரண்டு மெஷினைப் பாழ் பண்ணியவனுக்கும் அதேதான். 'சேவையில் நட்சத்திரம் போன்றவர், நடத்தையில் நட்சத்திரம் போன்றவர்' என்று ஒரே சான்றிதழில் இரண்டு இடத்தில் போடச் சொன்னவனும் உண்டு. நடத்தைக்கு அந்த வார்த்தை வராதே என்று அவள் சொன்னதற்கு, "போட்டா இன்னா, மெஷினு ஒடஞ்சிடுமா?" என்று கேட்டான். போட்டாள்.

நூல் சுற்றும் பிரிவில் மேஸ்திரியாக இருந்த ஒருவன் வந்தான். அந்தப் பிரிவுப் பெண்கள் அவன் பக்கத்தில் வந்தாலே முந்தானையை இழுத்து மூடிக்கொள்வார்கள். ஷிப்டு மாற்றித் தரவேண்டும் என்று அவனிடம் போய் நின்ற பெண் எதற்குச் சம்மதிக்க வேண்டியிருந்தது என்பது மில்லில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்ததில்லை. அவன் வெற்றிலைச் சாற்றை அவள் வாசலில் துப்பிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, தாளை நீட்டினான். அமிர்தவல்லி தலை நிமிராமல் அடித்துக் கொடுத்தாள். அவன் போன பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். கழுவிவிட்டு முகர்ந்து பார்த்தாள், மறுபடி கழுவினாள்.

அடுத்த வாரம் அதே பிரிவில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்த குஞ்சம்மாள் வந்தாள். கை ரேகை தேய்ந்த, நல்ல வேலைக்காரி. அமிர்தவல்லி அவளுக்கு 'வெரி குட்' என்று மனதில் எடுத்து வைத்திருந்தாள்.

"அந்த ஆளுக்கே நட்சத்திர வார்த்த போட்டியாமே தங்கச்சி," என்றாள் குஞ்சம்மாள். "எனக்குப் போட மாட்டியா?"

அமிர்தவல்லியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுக்கும் அதையே அடித்துக் கொடுத்தாள். இப்போது அந்த நாயும் குஞ்சம்மாளும் காகிதத்தில் ஒன்று. இதை நினைக்கும்போதெல்லாம் தன் விரல்களைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்காமல் போனது.

1983 பங்குனியில், எல்லாரும் வந்து போய் ஓய்ந்த பிறகு, காத்தவராயன் வந்தார். தாளைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து, அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஒரு மடிப்புக்கூட விழவில்லை. அவருடைய கழுத்துக்குப் பின்னால் தோல் உரிந்து புண்ணாகி இருந்தது.

"இன்னாண்ணே கழுத்துல?" என்று கேட்டாள்.

"பெரிய மார்க்கெட்ல மூட்ட தூக்கறேன். சாக்கு ஒரசுது." உட்காராமலே பேசினார். "அம்பத்தொண்ணு ஆவுது. முதுகு கேக்கல. மேட்டுப்பாளையத்துல ஒரு கம்பெனில ஸ்டோருக்கு ஆள் எடுக்கறாங்களாம். நம்பிக்கையான ஆளா வேணுமாம். பழைய எடத்து எழுத்து இருந்தா குடுன்னாங்க."

"உக்காருங்கண்ணே. இன்னா அடிக்கட்டும்?"

"இருக்கறத அடி. ஸ்டோர் பாத்தான், பத்தொம்பது வருசம், பொருள் கொறஞ்சதில்ல. அவ்ளோதான்."

நட்சத்திர வார்த்தையை அவர் கேட்கவில்லை. அவருக்கு அது காதில் விழுந்திருக்குமா என்றுகூடத் தெரியவில்லை. அமிர்தவல்லி தாளை மெஷினில் சுற்றினாள். அடியில் அந்த மாஸ்டரின் கையெழுத்து இருந்தது. ஐம்பது பல்புக்காக இந்த மனிதரின் சம்பள உயர்வைப் பிடுங்கிய அதே கை. அவர் சொன்னதை அப்படியே அடித்தாள். பெயர், வேலை, பத்தொன்பது வருஷம், பொருள் குறைந்ததில்லை. அங்கே நிறுத்தியிருக்கலாம்.

அவளால் நிறுத்த முடியவில்லை. ஒன்பது மாதமாக அந்த வார்த்தையைத் திருடனுக்கும் பொறுக்கிக்கும் தட்டிக்கொண்டிருந்தவளுக்கு, முதல் முறையாக அதற்கு உரிய ஆள் எதிரே நின்றார். டிக்ஷனரியில் போட்டிருந்தது இவரைத்தான். இவருக்கு அதைப் போடாவிட்டால் வேறு யாருக்குப் போடுவது? இதுவரை செய்ததற்கெல்லாம் இந்த ஒன்று ஈடாகும் என்றும் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அவள் ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக அடித்தாள். அவருடைய சேவை ஸ்டெல்லர். அடித்து முடித்தபோது அவளுக்குக் கண் நிறைந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு மனதில் ஒரு சுத்தம் வந்த மாதிரி இருந்தது.

காத்தவராயனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. படிச்சுக் காட்டு என்றார். அவர் சொன்ன மூன்றையும் தமிழில் சொன்னாள். நாலாவது வரியைச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று அவளுக்குத் தெரியும்.

நாலு நாள் கழித்து அவர் அதே செய்தித்தாளில் சுற்றிய தாளோடு வந்தார். மேஜை மேல் பிரித்து வைத்தார். அந்த ஒரு வார்த்தையைச் சிவப்புப் பென்சிலால் அழுத்தி வட்டம் போட்டிருந்தது.

"இது இன்னா வார்த்த?" என்றார்.

"ஏன், இன்னா சொன்னாங்க?"

"இது இருந்தா எடுத்துக்கறது இல்லியாம். ஆபீசரு பாத்ததும் சிரிச்சாரு. அடிச்சிக் குடுத்தவங்ககிட்டயே போயி வேல கேளுன்னு வட்டம் போட்டுக் குடுத்துட்டாரு. நான் சொன்னதுல இது இல்லியே. இன்னா அர்த்தம்?"

"நட்சத்திரம்னு அர்த்தம்ணே. நட்சத்திரம் மாதிரி ஆளுன்னு."

காத்தவராயன் அந்த வட்டத்தையே பார்த்தார். "நானா?" என்றார்.

அவள் அழிக்கும் ரப்பரை எடுத்தாள். அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வேணாம். ஓட்ட வுழும். கையெழுத்து போட்ட மனுசன் ஊர்லயே இல்ல. இருக்கறது இது ஒண்ணுதான்," என்றார். அதுவும் உண்மைதான். ஆளுக்கு ஒரே தாள்.

அமிர்தவல்லி கடையைப் பூட்டினாள். வாங்க, நானே வந்து சொல்றேன் என்று அவரைக் கூட்டிக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்குப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனாள். பல்பு விஷயத்தைச் சொல்லலாம். தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் எந்த மனிதன் நம்பமாட்டான் என்று நினைத்தாள்.

ஆளெடுக்கும் ஆபீசர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகவே உட்காரச் சொன்னார். காத்தவராயன் உட்காராமல் சுவர் ஓரமாக நின்றார். அமிர்தவல்லி பல்பு கதையை முழுக்கச் சொன்னாள். ஆபீசர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து முன்னால் போட்டார். எல்லாம் ஒரே மில்லின் பெயர் அச்சடித்தவை. எல்லாவற்றிலும் சிவப்பு வட்டம்.

"இதுல பாதி ஒரே மெஷின்ல அடிச்சது," என்றார். "ஆர் எழுத்து மட்டும் மேல எகிறி நிக்குது பாருங்க. இவரோடதுலயும் அப்படித்தான் நிக்குது. உங்க மெஷினாம்மா?"

அவள் கட்டைப் பார்த்தாள். மேலேயே அந்த மேஸ்திரியின் தாள் இருந்தது. அவன் விரலில் இருந்த வெற்றிலைக் கறை ஓரத்தில் காய்ந்து கிடந்தது.

"ஆமா சார்."

"இவங்கல்லாம் நட்சத்திரமா?"

"இல்ல சார். அதெல்லாம் பொய். இவரு மட்டும் நெசம்."

"நெசம்னு யார் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

ஆபீசர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அவர் அந்தக் கட்டைச் சேர்த்துத் தட்டி மறுபடி டிராயரில் வைத்தார். "நாலு பேர எடுத்து ஏமாந்துட்டோம்மா. இப்ப அந்த வார்த்தையப் பாத்தா அதுக்கு மேல படிக்கறதே இல்ல. ஸ்டோர் பார்த்தார், திருப்தியா இருந்துச்சுன்னு மட்டும் ஒரு தாள் வந்திருந்தா நானே கூப்ட்டு வச்சுப் பேசியிருப்பேன். அந்த மாதிரி தாள் இந்த மில்லுலருந்து வர்றதே நின்னுபோச்சு," என்றார். பிறகு அந்த வேலைக்கு நேற்றே ஆள் எடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

வெளியே வெயில் கொளுத்தியது. பஸ் நிற்கும் இடத்தில் நிழல் இல்லை. அமிர்தவல்லி தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். காத்தவராயன் பக்கத்தில் தாளைச் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவர் கோபப்பட்டுக் கத்தினால் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் காத்திருந்தாள். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நீ நெசமாத்தான் போட்ட. இல்ல?" என்று கேட்டார்.

"சாமி சத்தியமா நெசந்தான்ணே."

"மத்தவங்களுக்கு எத்தினி போட்டிருப்ப?"

"தெரியலண்ணே. எண்ணல."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. ஸ்டோரில் பொருளை எடுத்துக் கொடுத்த புது ஆளிடம் கணக்குக் கேட்கிறவர் மாதிரி, புரியாமல்தான் கேட்டார்.

"எண்ணாம எப்படிம்மா குடுத்த?"